மணிக்கு ஆறு கிலோமீற்றர்

மாங்குளம் சந்தியால் கிழக்கே திரும்பினால்
மரக்காலைக்குப் பக்கத்தில் எங்கள் பட்டறை.
பத்து மணிக்குமேல் தகரம் சுடும்,
பற்றவைக்காமலே ஈயம் இளகிவிடுமோ என்று தோன்றும்.

முதலில் வந்திறங்கிய மின்கதிரைகள்
கம்பளம் விரித்த அறைகளுக்காகப் பிறந்தவை.
முன்சில்லு உள்ளங்கை அளவு.
ஒட்டுசுட்டான் கிரவலில்
கல்லுக்குக் கல் குனிந்து கும்பிட்டன.
கழற்றி எறிந்துவிட்டு
சீமெந்து தள்ளும் கைவண்டியின் சில்லைப் பூட்டினேன்.
பார்க்க வடிவில்லை. போகும்.

கூடப் படித்த மயூரதன் மெல்பேர்ணிலிருந்து கேட்பான்:
"இன்னும் சில்லுத்தான் பூட்டுறியோ?"
ஓம் என்பேன்.
அவன் மின்தூக்கி செய்கிறான்.

மொறட்டுவையில் எங்கள் கணக்குகளில்
"ஆள், எழுபத்தைந்து கிலோ" என்றிருக்கும்.
அந்த ஆளை நான் இன்னும் சந்திக்கவில்லை.
இங்கே அளவு நாடாவோடு போனால்
இடுப்பு அகலம், முழங்காலிலிருந்து குதி,
எந்தக் கை வேலைசெய்யும், எத்தனை விரல்,
படுக்கைப்புண் உண்டா.
எப்போது நடந்தது என்றும் படிவம் கேட்கும்.
வருடத்தை எழுதுவேன்.
அடுத்த வீட்டிலும் அதே வருடம்.
அதற்கடுத்ததிலும்.
ஒருநாள் "மேற்படி" என்று எழுதப் பேனா போனது;
மூடிவைத்துவிட்டு வந்துவிட்டேன்.
சிவக்கொழுந்து மட்டும் தென்னையால் விழுந்தவர்.
அதைச் சொல்ல அவருக்கு ஏனோ வெட்கம்.

தயாளினியின் கதிரை
லாண்ட்மாஸ்டர் பெட்டியில் வந்தது.
அவளும் அதில் இருந்தபடியே வந்தாள்,
மடியில் பால் கான்.
கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்தேன்,
கருகிய நெத்தலி மணம்.
வேகத்தை மட்டுப்படுத்தும் வயரை வெட்டி
இன்னொன்றோடு முறுக்கி
மேலே சைக்கிள் ரியூப் சுற்றியிருந்தது.
முறுக்கியவன் கெட்டிக்காரன்.

"ஆர் செய்தது?"
"மருமோன். பதினொன்று ஓடினது மிஸ்."
சிரிப்பை அடக்கத் தெரியவில்லை அவளுக்கு.

மழைக்குள் மதகடியில் நின்றுபோனதாம்.
ஒரு மணித்தியாலம்
குடையைத் தலைக்குப் பிடிக்காமல்
பற்றறிக்குப் பிடித்திருந்தாளாம்.

அறிக்கையில் எழுதினேன்:
பழுதுக்குக் காரணம், பாவனையாளர்.

மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து
தலைகீழாக வாசித்தாள்.
"பால் கறந்து முடிய ஆறு பத்து.
சந்திக்கு மூன்று கிலோமீற்றர்.
லொறி ஆறரைக்கு வெளிக்கிடும்,
கடவுள் கை காட்டினாலும் நிக்காது.
இந்த ஆறு கிலோமீற்றர் ஆர் சொன்னது மிஸ்?"

ஆர் சொன்னது.
ஏதோ குளிர்நாட்டு மேசையொன்றில் இருந்து,
நடைபாதையில் போகிறவர்களின் காலில் முட்டாதபடி,
நல்ல மனதோடு யாரோ.
கற்சிலைமடுவில் நடைபாதை இல்லை.
முட்டுவதற்கு ஆளும் குறைவு.

"பாவனையாளர்" என்பதை வெட்டினேன்.
மேலே என் பெயரை எழுத நினைத்து
"வடிவமைப்பு" என்று எழுதினேன்.
அன்றைக்கு அவ்வளவு துணிவுதான்.

பிறகு மூன்று வாரம்.
பழைய அலுமினிய யன்னல் சட்டத்தை அறுத்து
சூடு ஆற வரிவரியாய்ப் பூட்டினேன்.
தடித்த வயர், தண்ணீர் புகாத மூடி,
கவிழாமலிருக்கப் பின்னால் இரண்டு குட்டிச் சில்லு.
வாகனம் ஓய்ந்த ஓர் இரவில்
மடியில் அரைப் பை சீமெந்தோடு
நானே ஏறி ஓட்டிப் பார்த்தேன்.
என் கால்கள் சும்மா இருந்தன.
மூன்று நாய்கள் துரத்திக்கொண்டு வந்து
மரக்காலை மதிலோடு களைத்துத் திரும்பின.
மானி ஒன்பது காட்டியது.
பயமாக இருந்தது. இன்னொரு தரம் ஓடினேன்.

ஒப்படைத்த அன்று தயாளினி
சில்லைப் பார்க்கவில்லை, யன்னல் சட்டத்தையும்.
கைப்பிடியைச் சுற்றி எதையோ தேடினாள்.

"ஹோர்ன் எங்க மிஸ்?
றோட்டில படுத்திருக்கிற மாடுகள்
எனக்கும் எழும்பி வழிவிடவேணுமே."