உப்புக்கரடிக்கு மழைக்கோட்டு

லீபாயா, பால்டிக் கரையில்
குடையை விரித்தால் காற்று பிடுங்கிக்கொள்ளும் ஊர்.
இங்கே மூன்று திரை உள்ள கொட்டகையில்
சீட்டுக் கிழிக்கிறவள் நான்.
முதல் படம் வந்தபோது எனக்குப் பத்தொன்பது.

உப்பால் ஆன கரடி.
அதன் முதுகில் பேசாத சிறுவன்.
எதிரே விரிகுடா.
பாலமில்லை, படகில்லை, பின்னால் நெருப்பு.
கரடி தண்ணீரில் இறங்குகிறது.

முழங்கால் போகும். வயிறு போகும்.
எடை குறைவதை உணர்ந்து
பையன் கழுத்தை இறுக்கிப் பிடிப்பான்.
பிடித்த இடம் முதலில் கரையும்.
அக்கரையில் அவன் எழுந்து நிற்கும்போது
கையில் ஒரு காது.
அதையும் விரல்களின் ஈரம் தின்றுவிடும்.
அந்த இடத்தில் இசை கிடையாது.
உள்ளங்கையை நக்குவான்.
அவ்வளவுதான் படம்.

விளக்குப் போட்ட பிறகும்
நான்காம் வரிசையில் ஒருத்தி எழவில்லை.
பைபா. பத்து வயது.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அவள் அப்பா கிர்ட்ஸ்
கையில் கோட்டோடு குனிந்து,
"பொம்மைதான்டா, உள்ளே வெறும் கம்பி" என்றார்.
"அப்ப கம்பி எங்கே போச்சு?" என்றாள்.
அவரிடம் பதில் இல்லை.
என்னிடமும் இல்லை.
அடுத்த காட்சிக்கு ஜனம் வாசலில் நின்றது.

சனிக்கிழமை அவள் கடற்கரைக்குப் போய்
அரைக்கிலோ உப்பைத் தண்ணீரில் கொட்டினாள்.
எங்கள் கடல் சப்பென்றிருக்கும்,
உப்பை நாக்கு தேடித்தான் எடுக்க வேண்டும்.
பார்த்த பிள்ளைகள் வீட்டுக்கு ஓடின.
அந்தக் குளிர்காலம் முழுக்கப் பொட்டலம் பொட்டலமாக.
எட்டுக் கிலோ இருக்கும் என்றாள் கடைக்கார ஸ்கைட்ரீட்டே,
கணக்கில் அவள் கெட்டி.
ஆளாளுக்கு விரலை நனைத்து நக்கி,
"இங்க இருக்கு,
இல்ல, இங்க!"

ஒன்பது வருஷம் கழித்து இப்போது
இரண்டாம் பாகம்.

முதல் காட்சியிலேயே கரடி
சமையலறையில் தோசைக்கல் மாதிரி ஒன்றில்
அப்பம் திருப்பிக்கொண்டிருக்கிறது,
மஞ்சள் மழைக்கோட்டில்.
எப்படி வந்தாய் என்று யாரும் கேட்கவில்லை.
பேசாத பையன் வாய் ஓயாமல் பேசுகிறான்.
பையனும் வேறு,
மூக்கில் புள்ளிகள் வரைந்திருக்கிறார்கள்.
கரடி தும்முகிறது, ஆடுகிறது,
வங்கி விளம்பரம் போன்ற மெட்டில் இரண்டு பாட்டு.
உப்பு என்ற சொல்
ஒருமுறைகூட வரவில்லை.

கடைசியில் அது கடலில் குதிக்கிறது.
குதித்து,
எழுந்து,
நாயைப் போல உதறிக்கொள்கிறது.

பாதிக் கொட்டகை சிரித்தது.
நான்காம் வரிசையைப் பார்த்தேன்.
பொரி வாளிக்குள் எதையோ தேடுவதுபோல்
குனிந்திருந்தாள் பைபா.

பிழைக்க வைத்தது தப்பில்லை.
யாரும் சாக வேண்டுமென்று நான் காத்திருக்கவில்லை.
ஆனால் அந்த எட்டுக் கிலோ?

வெளியே வந்தவளிடம் கேட்டேன்.
"பரவாயில்லை. கலர் நல்லா இருந்தது"
தூரத்துச் சொந்தத்தின் கல்யாணச் சாப்பாட்டைச் சொல்வதுபோல்.
கழுத்துத்துணியைச் சுற்றிக்கொண்டு
கடலுக்குப் போகிற தெருவில் திரும்பவில்லை,
டிராமுக்கு ஓடினாள்.

நூற்றுப் பன்னிரண்டு பேர் போய்விட்டார்கள்.
மிச்சம் ஒரு பொடியன், ஆன்ஸிஸ்.
முதல் படத்தைப் பார்க்காதவன், ஆறு வயது,
பதினாலு யூரோவுக்கு விற்கிற
மஞ்சள் கோட்டைப் போட்டுக்கொண்டு
துள்ளினான். பொங்கினான்.
அந்தச் சந்தோஷத்தின்மேல் எனக்கு எரிச்சல்,
அதற்காக வெட்கம்,
வெட்கம் போன பிறகும் எரிச்சல்.
அவன் அம்மா உள்ளே
காணாமல்போன கையுறையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கரடிக்கு எதுக்கு மழைக்கோட்டு?"

எழுதியவன் கேட்காத கேள்வி.

"நனையாம இருக்க."

"நனைஞ்சா?"

கதவைத் திறந்து பிடித்தேன்.
மழை சாய்வாக விழுந்துகொண்டிருந்தது.
கோட்டின் தொப்பியை இழுத்து
அவன் காதுகளை மூடினேன்,
ரெண்டையும்.