காமர கீயத

ஆமிக்காரன் கேட்டது இரண்டே சொல்:
"காமர கீயத?"

குருநகரில் எங்கள் ஸ்ரூடியோவில்
சிங்களம் கொஞ்சம் அறிந்தவர் சந்தியாப்பிள்ளை மட்டும்தான்.
கீயத என்றால் எத்தனை. அது தெரியும்.
மற்றச் சொல்லைக் காதால் பிடித்தார்.
"எக்கய்" என்றார்.
ஒற்றை விரலையும் காட்டினார்.

இரண்டாவது கமரா அரிசி வாளிக்குள் கிடந்தது.
அதற்குத்தான் அவருக்கு வியர்த்தது.

வந்தவன் வாளியைப் பார்க்கவேயில்லை.
நேரே போய்க் கறுப்புச் சீலையை இழுத்தான்.
சீலைக்குப் பின்னால் கதவு,
கதவுக்குப் பின்னால் நான்.
கரண்ட் இல்லாத காலம்,
சிவப்புத் தாள் சுற்றிய ரோச் வெளிச்சத்தில்
அடையாள அட்டைக்கு நாற்பத்து மூன்று முகங்கள்
தட்டுக்குள் அப்போதுதான் கண் திறந்துகொண்டிருந்தன.

வெயில் உள்ளே வந்தது.
வெளிச்சம் பட்டு எல்லாரும் கறுத்துப் போனார்கள்.

ஒன்று என்று சொன்ன வீட்டில் இன்னொரு அறை.
சந்தியாப்பிள்ளையின் கன்னத்திலும் ஒரு அறை.
எங்கள் பாஷையில் இரண்டுக்கும் சொல் ஒன்றுதான்.

ஏழு வருடம் கழித்து, வெள்ளவத்தை லொட்ஜில்,
திறப்புக் கோர்வையைக் கையில் வைத்தபடி
கிளார்க் என்னிடம் அதையே கேட்டான்:
"காமர கீயத?"
வந்திருந்தவர்கள் நாலு பேர். அறை எத்தனை வேணும்?
நான் பதில் சொல்லாமல் நின்றேன்.
அவன் திரும்பவும் கேட்டான்.

பிறகு அகராதி பார்த்தேன்.
லத்தீனில் வளைந்த கூரை போட்ட அறை.
படம் விழுத்தும் பெட்டிக்கு முதல் வைத்த பெயர் இருட்டறை.
சொல்லச் சொல்ல இருட்டு உதிர்ந்து
வெறும் அறை ஆங்கிலத்தில் மிஞ்சியது.
அதே சொல் அதற்கு முன்பே
போர்த்துக்கேயரின் கப்பலிலும் வந்திறங்கியது.
யன்னல், கதிரை, மேசை, அலுமாரி
எல்லாம் எங்கள் வாயில் ஒட்டிக்கொண்டன.
அறை மட்டும் சிங்களத்துக்குப் போய்விட்டது.

வவுனியாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.
சந்தியாப்பிள்ளை கனநேரம் பேசவில்லை.
"அப்ப நான் என்ன சொல்லியிருக்க வேணும்?"

எண்ணிப் பார்த்தேன்.
கமரா இரண்டு. அறையும் இரண்டு.
"எப்படிக் கேட்டிருந்தாலும் ரெண்டுதான், அண்ணை."

சிரித்தாரா இருமினாரா தெரியவில்லை.
"அந்த நாப்பத்து மூண்டு பேரையும்
திரும்ப எடுத்துக் குடுத்தனான்" என்றார்,
"காசு வாங்கேல்லை.
ஒரு மனுசி மட்டும் வரேல்லை.
பேர் வாயில வருகுதில்லை,
பச்சைச் சீலை."