பிளக்கைப் பிடுங்கிய பிறகும்

பதினொன்றரைக்குத்தான் ஆரம்பிக்கும்.
டக். டக்டக். பிறகு
வாளியில் கூழாங்கல்லைக் கவிழ்த்ததுபோல்
ஒரு சரிவு.

ஹார்டிஸ்க் போகப்போவுது என்றான் தவநேசன்,
கொம்தாரில் போன் கடை வைத்திருப்பவன்,
வந்து பார்க்காமலேயே.

ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி, பதினோராவது தளம்.
பழைய நாளிதழை விரித்து
கணினியை ஒருக்களித்துப் படுக்கவைத்தேன்.
விசிறியைப் பென்சிலால் நிறுத்தினேன்:
டக்டக்.
திருப்புளியின் முனையைத் தட்டில் ஊன்றி
பிடியைக் காதோடு அழுத்தினேன்,
பஸ் டிப்போவில் எஞ்சினுக்குச் செய்வதுபோல.
உள்ளே சீரான ஓட்டம்,
நோயில்லாத நெஞ்சு.
ஆனாலும் டக்.

"வரிக் கணக்கெல்லாம் அதுக்குள்ளதான்" என்றாள் குணவதி,
நான்காவது முறையாக.

ராம் குச்சியைக் கழற்றினேன். ஒவ்வொரு வயரையும் உருவினேன்.
கடைசியில் பிளக்கையே பிடுங்கினேன்.
நீல விளக்கு அணைந்தது.
பெட்டி வெறும் தகரம்.

டக். டக்டக். சரிவு.
சுவருக்கு அந்தப் பக்கம்
ஒரு பெண் வாய்விட்டுச் சிரித்தாள்.
ஊய் வீட்டில் யாரோ
மாஜோங் ஜெயித்துவிட்டார்கள்.

குணவதிக்கும் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை.
மூன்று வாரமாக இதைத்தானே
முறைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மணிக்கு எல்லாம் பூட்டியாயிற்று.
நாளிதழில் ஒரு திருகாணி மிச்சம்.
எந்த ஓட்டையிலும் பொருந்துகிறது,
எதிலும் இறுகவில்லை.

இன்று பகல். ஊய் குடும்பம் ஈப்போ போயிருக்கிறது.
கணினியைத் திறந்தேன்.
ங்ங்ஙீ... கர்ர்.

இது எங்களுடையதுதான்.