எதைப் பிசைவது

பீச் ஸ்டேஷன் எதிரில் இருபத்தொரு வருஷமாய்
அத்தோ விற்கிறேன்.
ரங்கூனில் இறங்கியதும் கேட்டது அதைத்தான்.

வண்டிக்காரம்மா சிரித்தாள்.
கூட வந்த கோ தான் நாயிங்,
வீட்டில் வீராசாமி,
எனக்குச் சொன்னான்:
"அத்தோன்னா பிசைஞ்சதுண்ணே.
எதைப் பிசையன்னு கேக்குது."

எதை?
தேயிலையைப் பிசைகிறார்கள் இங்கே.
இஞ்சியை, தக்காளியை, பச்சை மாங்காயை.
நான் வெறும் வினையை
ஆரஞ்சு பெயிண்டில் எழுதி
மாட்டி வைத்திருக்கிறேன்.

பிறகு ஊர் காட்டினான்.
முகல் தெரு, இப்போது வேறு பெயர்.
பழைய வட்டிக்கடையின் முகப்பில் சிமெண்டு லட்சுமி,
மடியில் ஏசித் தண்ணீர் சொட்டுகிறது.
கீழே செல்போன் கவர்.
"எங்க தாத்தா கணக்கெழுதுனது இதுலயா?"
"இருக்கலாம். ரெண்டு மூணு கட்டடம்
முன்னே பின்னே."

காளி கோயில் பக்கம் மொய்ங்கா.
நாலு கிண்ணம், எல்லாம் தொழில் நிமித்தம்.
வாழைத்தண்டு எங்களிடமும் உண்டு.
மீன்தான் இல்லை.
அறுபத்து நாலில் வந்த கப்பலிலிருந்து
நடுக்கடலில் குதித்திருக்கும்.

இருட்டியதும் மறுபடி அதே வண்டி.
இம்முறை நூடுல்ஸைத் தொட்டுக் காட்டினேன்.
வெறுங்கையால் பிசைந்தாள்.
எண்ணெய் தாராளம், பூண்டு என் கணக்கில் கம்மி,
கலர்ப்பொடி கிடையவே கிடையாது.
போனில் என் கடையைக் காட்டினேன்.
இரண்டு விரலால் பெரிதாக்கி
அந்த ஆரஞ்சையே பார்த்தாள்.
ஏதோ கேட்டாள்.
வீராசாமி தயங்கினான்.

"இது எந்த ஊர் சாப்பாடுன்னு கேக்குதுண்ணே."

இன்னும் கொஞ்சம் பூண்டு போடச் சொன்னேன்.