பதினோராம் கட்டில்

மாங்குளம் ஆசுபத்திரி ஆய்வுகூடத்தில்
இரண்டாம் தட்டில் ஒரு நெஸ்டமோல்ட் டின்.
மூடியில் நீல மையால் திகதி,
கட்டில் இலக்கம் பதினொன்று.
உள்ளே, சமைக்காமல் மிஞ்சிய நாலு காளான்.

"எறியவேண்டாம், அனுப்பவேணும்" என்றார் டொக்டர்.
எங்கே என்று அவரும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

கண்ணிவெடி அகற்றும் பெண்கள் நாலு பேர்.
ஒலுமடுவுக்கு உள்ளே, மழை விட்ட மூன்றாம் நாள்,
வெள்ளைத் தடிக்கும் சிவப்புத் தடிக்கும் நடுவே
துடைத்து முடித்த மண்ணில்
வெளிறி எழும்பி நின்றதாம்.
கருவி அதற்கெல்லாம் கத்தாது.
சுகிர்தமலர் ஒன்றைப் பிடுங்கிப் பிளந்து பார்த்தாளாம்.

"தண்டுக்குள்ள புழு இருந்தது டொக்டர்.
புழு தின்னுறதை நாங்களும் தின்னலாம் எண்டுதானே..."
மிச்சத்தைச் சொல்லவிடாமல்
வாளி வேண்டியிருந்தது அவளுக்கு.

அந்த வாக்கியம் எனக்கும் தெரியும்.
தரப்பாளுக்குக் கீழே கிடந்த மாதங்களில்
அணில் கொறித்த காய், கிளி கொத்திய பழம்,
மாடு மோந்துவிட்டு விலகாத இலை:
வேறொரு உயிரின் வாய்தான்
எங்களுக்கிருந்த ஒரே ஆய்வுகூடம்.
பிழைத்தோம்.
பிழைத்ததால் அதை நம்பினோம்.

இரண்டாம் நாள் நாலு பேரும் எழும்பி இருந்தார்கள்.
யோகறஞ்சி பிளேன்ரீ கேட்டாள், சீனி தனியாகக் கையில்.
தலை இழுத்தாள்.
இந்த ரெண்டு நாளுக்கும் சம்பளம் வெட்டுவாங்களோ என்று
சூப்பவைசருக்கு எடுத்துச் சண்டை பிடித்தாள்.
வார்டே சிரித்தது.
என் மெசின் மட்டும் அவளுடைய ஈரலை
ஆயிரங்களில் எழுதிக்கொண்டிருந்தது.
கழுவி மறுபடி ஓட்டினேன்.
இன்னும் கூடத்தான் காட்டியது.

மூன்றாம் இரவு அம்புலன்ஸ் ஏ-ஒன்பதில் வடக்கே போனது.
மூன்று பேர் வீட்டுக்குத் திரும்பினார்கள்.

பிறகொரு நாள், டின்னுக்குள் மணல் உதிர்வதுபோல் சத்தம்.
திறந்தேன்.
கடுகளவில் ஈக்கள், மஞ்சள் உடம்பு, செங்கண்.
ஒன்றும் தள்ளாடவில்லை.
என் முகத்தைச் சுற்றிவிட்டு
யன்னல் கம்பிவலையின் ஓட்டையால்
ஒவ்வொன்றாகப் போயின,
லைன் கட்டிக்கொண்டு போவதுபோல.

இரவுக் கடமையில் போனில் தேடி வாசித்தேன்.
கலத்துக்குள் எழுதியிருப்பதைப்
பார்த்தெழுதும் கை ஒன்று உண்டாம்;
அந்த நஞ்சு போய் அதைப் பிடித்துக்கொள்ளுமாம்.
ஈரல் தன்னைத் திருத்த வழியில்லாமல் நின்றுவிடும்.
இந்த ஈக்குஞ்சு அதே நஞ்சுக்குள் படுத்துத்
தின்று கொழுக்கிறது.
எப்படி என்று முழுக்க ஒருவருக்கும் பிடிபடவில்லையாம்.
ஏன் என்பதற்கு ஒரு ஊகம் இருந்தது:
ஈயின் வயிற்றில் குடியேறி
முட்டையில்லாமல் ஆக்கும் வட்டப்புழு ஒன்று;
நஞ்சுள்ள காளானில் அது தப்பாதாம்.
எதிரி வராத இடம் பார்த்துத்தான்
தாய் ஈ பிள்ளையை விடுகிறது.

மண்டையோட்டுப் பலகை நட்ட காட்டில்
பத்து வருசம் ஒருவனும் முதிரை தறிக்கவில்லை.
மயில் பெருகிக் கிடந்தது.
இதை ஏன் நினைத்தேனோ.

சுகிர்தமலர் வந்தது மாதக் கடைசியில்,
இன்சூரன்சுக்கு ரிப்போட் எடுக்க.
முழங்கையில் பழைய பிளாஸ்டர் பசை அழுக்காய்.
டின்னைக் காட்டச் சொன்னாள்.
காளான் கறுத்து ஒட்டிப்போயிருந்தது.
பக்கச் சுவரெல்லாம், மூடியின் உள்ளேயும்,
பழுப்பு அரிசி போல வெறுங்கோதுகள்.

"அப்ப புழு பொய் சொல்லேல்லை" என்றாள்.
நான் வாய் திறக்கவில்லை.

அவள் டின்னைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்து
இடமிருந்து வலமாக,
ஒரு விரல் அகலத்துக்கு ஒரு விரல் அகலமாக
எண்ணத் தொடங்கினாள்.
வேலையிடத்தில் கோது எடுத்தால்
கணக்கெழுதும் அதே பொறுமை.
இடையில் நான் கூப்பிட்டது கேட்கவில்லை.

பேனை வாங்கி, மூடியில், திகதிக்குக் கீழே
முப்பத்தேழு என்று எழுதினாள்.
பக்கத்தில் கையெழுத்தும் வைத்தாள்.