சாட்சி நேரம்

ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் பின்சந்தில்,
தகரக் கூரைச் சபையில்,
சாட்சி சொல்ல எழுந்தாள் கிருபாவதி.
வழக்கம்போல் கீபோர்டில் விரல் வைத்துக் காத்திருந்தேன்.
யார் என்ன சொன்னாலும்
அடியில் மெதுவாக இழையவிடுவது என் வேலை.

"அறுபத்திரண்டு நாள்
வேலூர் ஆஸ்பத்திரி வராந்தாவுல கெடந்தேன்.
உபவாசம் இருந்தது நான்,
செத்தது எம்புள்ள.
பாலாத்து மணல்ல ஊத்து தோண்டினாக்கூட
ரெண்டாள் ஆழத்துல ஈரம் தெரியும்.
உங்கிட்ட எத்தினி ஆழம்டா தோண்டறது, ஆண்டவரே?"

'டா' என்றதும்
முன்வரிசையில் ஒரு முக்காடு நிமிர்ந்தது.
"ஸ்தோத்திரம் சொல்லி முடிச்சிடும்மா" என்றார் பாஸ்டர்.
"அது வரும்போது சொல்றேன்.
இப்ப இதுதான் இருக்கு."

மைக்கை வாங்க நீட்டிய கை
நீட்டியபடியே நின்றது.
போன வருஷம் அவர் வீட்டிலிருந்தும்
ஒரு சின்னப் பெட்டி போனது.
அன்றைக்கும் அவர்தான் பாட்டு நடத்தினார்.

எனக்கு எந்தக் கட்டையும் அகப்படவில்லை.
ஸ்விட்சை அணைத்தேன்.
மின்விசிறி மட்டும் கிறீச்சிட்டது.

அவள் உட்கார்ந்துவிட்டாள்.
பாஸ்டர் இறங்கி வந்து
அதே பாயின் ஓரத்தில் கால் மடக்கி
"எத்தினி ஆழம்" என்றார்,
எங்களைப் பார்க்காமல்,
மைக் இல்லாமல்.