ஜாக்கெட் வரைக்கும் போதும்

ஏழு தகரப் பெட்டிகள் என் பொறுப்பு.
மூடிமேல் சாக்கட்டியால் எழுதியதும் நான்தான்:
அம்மா. அண்ணி. காதலி. காதலியின் தோழி.
வில்லி. ஆட்டக்காரி.
ஊர்ப் பெண்கள், இருபது.

கீழக்குயில்குடி மலையடியில் படப்பிடிப்பு.
வேப்பமரத்துக்கும் ஜெனரேட்டர் வண்டிக்கும் நடுவில்
கொடி கட்டி ஈரம் காயப்போடுவேன்.
காற்றடித்தால்
அம்மாவின் முந்தானை போய்
ஆட்டக்காரியின் இடுப்பைக் கட்டிக்கொள்ளும்.
பிரித்துவிடுவதற்கும் சேர்த்துத்தான் சம்பளம்.

துவைக்கிறவளுக்குத் தெரிகிற கதை வேறு.
அம்மா சேலையில் கண்ணீர் இருக்காது,
கிளிசரின் கன்னத்தோடு நின்றுவிடும்.
அம்மாவுக்கு முப்பத்தாறு வயது,
மகனுக்கு நாற்பத்தொன்று.
அவர் இவள் காலில் விழுந்தால்
தூக்கிவிட இரண்டு பேர் வேண்டும், முட்டிவலி.

காதலி உடம்பில் இருபத்திரண்டு ஊக்குகள்.
மூச்சுக்கு இடம்விட்டால்
மானிட்டரில் சுருக்கம் தெரிகிறதாம்.

தோழிக்குப் பெயர் கிடையாது.
வசனத்தாளில் ‘ஏய்’ என்றிருக்கும்.
கடிதம் கொண்டுபோவாள், களுக்கென்று சிரிப்பாள்,
இடைவேளைக்குப் பிறகு
அவள் எங்கே போனாள் என்று யாரும் தேடியதில்லை.
அவள் பாவாடை மட்டும்
அழுக்கில்லாமல் திரும்பி வரும்.

வில்லி, மைகூடக் கலைக்காமல்
சாப்பாட்டு நேரத்தில் போனை முறைத்துக்கொண்டிருப்பார்:
“எட்டேழு? சொல்லு... எட்டேழு?”

எட்டாவது பெட்டி இல்லையென்பது
தேவைப்பட்ட அன்றுதான் தெரிந்தது.
நாயகனின் செத்துப்போன பெண்டாட்டி.
வசனம் இல்லை, நடை இல்லை,
சுவரில் இருந்தால் போதும்.
வரவேண்டியவள் ஏறிய பஸ்
செக்கானூரணியில் படுத்துவிட்டது.

மேனேஜர் சுற்றிப் பார்த்தார்.
“ஒச்சம்மா, நீ நில்லு.”
எந்தச் சேலை என்றேன்.
“ஜாக்கெட் வரைக்கும் போதும்,
கீழே என்னத்தையும் கட்டிக்க.”
மேலே அண்ணியின் பட்டு,
கீழே சோப்புத்தண்ணி தெறித்த என் உள்பாவாடை.
“சிரி. ரொம்ப வேணாம்.
போறவ சிரிக்கிற மாதிரி.”

போறவள் எப்படிச் சிரிப்பாள், நான் கண்டதில்லை.
காலையில் சிலிண்டர் வந்துவிட்டதை
நினைத்துக்கொண்டேன்.
எழுநூறு ரூபாய் கொடுத்தார்கள்.

திருமங்கலத்தில் படம் வந்தது.
“உசுரோட இருக்கிறவளுக்கு மாலையா” என்று
மாமியார் மிளகாய் சுற்றிப் போட்டார், வரவில்லை.
நானும் வீட்டுக்காரரும் போனோம்.

பதினோராம் நிமிஷம் செத்துப்போனேன்.
அப்புறம்தான் எனக்கு வேலையே.
அவர் குடித்தால் நான்,
அரிவாளை எடுத்தால் நான்,
மழை பெய்தால் காரணமே இல்லாமல் நான்.
“எல்லாம் உனக்காகத்தான்” என்று
என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு
முப்பத்துநாலு பேரை வெட்டினார்.
மூன்றாவது வரிசையில்
வாயில் முறுக்கோடு எண்ணிக்கொண்டிருந்தேன்.
என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால்
அந்த முதல் ஆளை விடச் சொல்லியிருப்பேன்,
பம்புசெட்டு பார்க்க வந்தவன், பாவம்.

பக்கத்தில் இருந்த அம்மா மூக்கைச் சிந்தினார்:
“லட்சுமி மாதிரி இருந்தா, போயிட்டாளே.”
விளக்குப் போட்டதும்
என் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னார்,
“காலை மடக்கு தாயி, வெளிய போகணும்.”

திரும்பும்போது அவர் பேசவில்லை.
கப்பலூர் டோல்கேட் தாண்டியதும்
“கெட்டியாப் பிடிச்சுக்க” என்றார்.
பதினாலு வருஷத்தில் முதல்தரம்.
எனக்குச் சொன்னாரா
சுவரில் இருந்தவளுக்குச் சொன்னாரா
கேட்கவில்லை. பிடித்துக்கொண்டேன்.

அடுத்த படத்துக்கு
விளக்குத்தூணில் எட்டாவது பெட்டி வாங்கினேன்.
முழுச் சேலை ஒன்று,
நாடா போட்ட உள்பாவாடை,
ஒரு ஜோடி செருப்பு, ஏழாம் நம்பர்.

கணக்குப் பார்த்த மேனேஜர் கத்தினார்:
“போட்டோவுல இருக்கிறவளுக்குச் செருப்பு எதுக்கு?”

“இறங்குனா வேணும்ல” என்றேன்.

அவர் காதில் விழவில்லை.
ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது.